மீத்திறன் கணினிக்குப் பணி அனுப்பவும் அதைக் கண்காணிக்கவும் முறையான பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாட்டில் புதிய மீத்திறன் கணினி ஒன்று திறந்துவைக்கப்படும்போதெல்லாம் அதன் வேகமும் செலவும் செய்தியாகின்றன. 2022 மே மாதம் திருச்சிராப்பள்ளி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் ‘பரம் பொருள்’ நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டபோது அதன் திறன் 838 டெராஃப்ளாப்ஸ், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 838 லட்சம் கோடிக் கணக்கீடுகள் என்று படித்தோம். 2024 செப்டம்பரில் புணே, டெல்லி, கொல்கத்தா ஆகிய மூன்று நகரங்களில் சுமார் 130 கோடி ரூபாய் செலவில் அமைந்த ‘பரம் ருத்ரா’ கணினிகளைப் பற்றியும் அவ்வாறே படித்தோம். 2015-இல் 4,500 கோடி ரூபாய் மதிப்பீட்டில் தொடங்கப்பட்ட தேசிய மீத்திறன் கணினி இயக்கத்தின் பயனாக வந்த இந்த இயந்திரங்களை நான் முழு மனத்தோடு வரவேற்கிறேன். ஆனால், ஓர் ஆய்வு மாணவரின் கணக்கு அந்த இயந்திரத்துக்குள் எப்படிச் செல்கிறது, எவ்வளவு நேரம் வெளியே காத்திருக்கிறது, உள்ளே ஓடும்போது யார் அதைக் கவனிக்கிறார்கள் என்பது குறித்து எங்கும் பேச்சே எழுவதில்லை. பொதுப்பணத்தில் வாங்கிய கணினி நேரத்தில் கணிசமான பகுதி இந்த இடத்தில்தான் வீணாகிறது என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். படிகங்களின் மின்னணு அமைப்பைக் கணினி வழியே ஆராயும் மாணவர்களுக்கு வழிகாட்டி வருகிறேன். என் துறையில் மட்டுமன்றி, புரதங்களின் அசைவை ஆராயும் உயிர்வேதியியலிலும், மரபணு வரிசைகளை ஒப்பிடும் தாவரவியலிலும், மழையையும் புயலையும் முன்கணிக்கும் வளிமண்டல அறிவியலிலும் இன்று இத்தகைய கணினிகள் இல்லாமல் ஆய்வு நடப்பதில்லை. இந்தத் துறைகளுக்கு வரும் மாணவர்களில் பலர் முதுகலை முடிக்கும்வரை, இக்கணினிகளில் பயன்படும் லினக்ஸ் இயங்குதளத்தைக் கண்ணால் கூடப் பார்த்திராதவர்கள். அவர்கள் அறிவிலோ உழைப்பிலோ எந்தக் குறையும் இல்லை. ஒரு கருவியைக் கையில் கொடுத்துவிட்டு அதைக் கையாளும் முறையைச் சொல்லித்தராமல் விட்டிருக்கிறோம். குறை நம்முடைய பாடத்திட்டத்தில்தான் இருக்கிறது.

மீத்திறன் கணினி என்றால் ஒரே ஒரு மிகப் பெரிய கணினி என்று வாசகர்கள் எண்ணக்கூடும். உண்மையில் அது ‘நோடு’ எனப்படும் தனிக் கணினிகள் பலவற்றை அதிவேக வலையமைப்பால் பிணைத்த தொகுப்பு. ஒரு நோடில் ‘கோர்’ எனப்படும் கணக்கிடும் அலகுகள் 40 அல்லது 48 இருப்பது பல இந்திய மையங்களில் வழக்கம். பயனர் தம் மடிக்கணினியிலிருந்து ‘எஸ்எஸ்எச்’ என்ற பாதுகாப்பான இணைப்பு வழியாக ‘லாகின் நோடு’ என்னும் நுழைவுக் கணினிக்குள் வருகிறார். அங்கே அவர் காண்பது சுட்டிக்கும் சின்னங்களுக்கும் இடமில்லாத ஒரு கட்டளைத் திரை மட்டுமே. உள்ளே இருக்கும் நோடுகளில் அவர் தம் கணக்கை நேரடியாக ஓடவிட முடியாது. எத்தனை நோடு, எத்தனை கோர், எவ்வளவு நினைவகம், எத்தனை மணி நேரம் வேண்டும் என்று ஒரு சிறு கோப்பில் எழுதி, அதைப் பணியாக ஒப்படைக்க வேண்டும். யாருடைய பணி எப்போது எந்த நோடில் ஓட வேண்டும் என்பதை ‘ஷெட்யூலர்’ எனப்படும் மென்பொருள் தீர்மானிக்கும்.

தேசிய மீத்திறன் கணினி இயக்கத்தின் கீழ் நிறுவப்பட்ட கணினிகளில் பெரும்பாலும் இந்த வேலையைச் செய்வது ‘ஸ்லர்ம்’. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாகத் தொடங்கி, இன்று உலகின் மிகப் பெரிய கணினிகள் பலவற்றையும் நிர்வகிக்கும் திறந்த மூல மென்பொருள் அது. வேறு சில மையங்களில், 1990-களில் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக எழுதப்பட்ட ‘பிபிஎஸ்’ மரபைச் சேர்ந்த மென்பொருள்கள் உள்ளன. கட்டளைகளின் பெயர்கள் மாறினாலும் முறை ஒன்றுதான். முறையும் புதிதன்று. 1973-இல் சென்னை ஐஐடியில் ஐபிஎம் 370/155 கணினி நிறுவப்பட்ட காலத்தில், ஆய்வாளர்கள் துளையிட்ட அட்டைக் கட்டுகளை ஒப்படைத்துவிட்டு, அச்சிட்ட தாள் வரும்வரை காத்திருந்தார்கள். ஓர் அட்டை பிழையானாலும் மறுபடியும் காத்திருக்க வேண்டும் என்பதால் ஒப்படைப்பதற்கு முன் பல முறை சரிபார்க்கும் பழக்கம் அவர்களுக்குத் தானாக வந்தது. இன்று பணியை ஒப்படைக்க ஒரு வரியும் ஒரு விசையும் போதும் என்றாகிவிட்டதால் அந்தப் பழக்கம் தானாக வருவதில்லை. அதைக் கற்பித்தாக வேண்டும்.

ஸ்லர்மில் பணியை ஒப்படைக்கும் கட்டளை ‘எஸ்பேட்ச்’. அதற்குக் கொடுக்கும் ‘ஸ்கிரிப்ட்’ எனப்படும் கட்டளைக் கோப்பின் தொடக்கத்தில் தேவைகளைச் சொல்லும் வரிகளும், அவற்றின் கீழே உண்மையில் ஓட வேண்டிய நிரலின் பெயரும் இருக்கும். நம் மாணவர்களிடம் இந்தக் கோப்பு எப்படி வந்து சேர்கிறது என்பதைப் பார்த்தால் நிலைமை விளங்கிவிடும். ஆய்வகத்தின் மூத்த மாணவர் ஒருவர் தம் பணிக்காக எழுதியது அடுத்தவருக்குப் போகிறது. அவரிடமிருந்து அதற்கடுத்தவருக்குப் போகிறது. முதலாமவர் 64 அணுக்கள் கொண்ட படிகத்துக்காக இரண்டு நோடுகளும் நான்கு நாட்களும் கேட்டிருப்பார். இரண்டே அணுக்கள் கொண்ட அலகைக் கணக்கிடுபவரும் அதே இரண்டு நோடுகளையும் அதே நான்கு நாட்களையும் கேட்கிறார். அந்த வரிகள் எதைக் குறிக்கின்றன என்று யாரும் சொல்லித்தராததால் அவற்றில் கை வைக்கவே அஞ்சுகிறார்கள். “ஓடிக்கொண்டிருப்பதை ஏன் சார் மாற்ற வேண்டும்?” என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது. பல நாள் காத்திருந்து கிடைத்த வாய்ப்பு ஒரு தவறான எழுத்தால் போய்விடுமோ என்ற கவலை அதில் இருக்கிறது.

நேரத்தை அளவுக்கு மீறிக் கேட்பதால் என்ன நேர்கிறது? ஒரு திருமண மண்டபத்தை எண்ணிப் பார்க்கலாம். வெள்ளிக்கிழமை மாலை தொடங்கும் திருமணத்துக்கு மண்டபம் முழுவதும் பதிவாகியிருக்கிறது. அன்று காலை அது காலியாக இருக்கிறது. நண்பகலுக்குள் முடித்துக்கொள்கிறோம் என்று சொல்லும் காதணி விழாக்காரருக்கு மேலாளர் அந்தக் காலைப் பொழுதைத் தயங்காமல் தருவார். “எதற்கும் இரண்டு நாளாக எழுதிக்கொள்ளுங்கள்” என்பவரை, அவருடைய விழாவும் நண்பகலிலேயே முடியக்கூடியதாக இருந்தாலும், உள்ளே விட முடியாது. ஷெட்யூலர் செய்வதும் இதுதான். முன்னால் நிற்கும் பெரிய பணிக்காக நோடுகள் ஒவ்வொன்றாக விடுபட்டுச் சேரும் இடைவெளியில், அந்தப் பெரிய பணியைத் தாமதப்படுத்தாமல் முடிந்துவிடும் சிறு பணிகளைப் பின்னாலிருந்து எடுத்து அது ஓடவிடும். ‘பேக்ஃபில்’ எனப்படும் இம்முறை 1990-களின் நடுவில் அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்தில் ஐபிஎம் கணினி ஒன்றுக்காக உருவாக்கப்பட்ட ஷெட்யூலரிலிருந்து உலகெங்கும் பரவியது. ஐந்து மணி நேரத்தில் முடியும் பணிக்கு ஏழு மணி நேரம் கேட்கும் மாணவருக்கு இந்த இடைவெளிகள் எல்லாம் திறந்திருக்கின்றன. நான்கு நாட்கள் கேட்பவருக்கு ஒன்றும் திறப்பதில்லை. கூட்டம் குறைவு என்று சொல்லப்படும் வாரத்திலும் அவர் காத்துக்கொண்டே இருக்கிறார்.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய பழக்கம் என்று நான் சொல்லவில்லை. ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் ட்ரோர் ஃபைடல்சன் பல நாட்டு மையங்களின் பணிப் பதிவேடுகளைத் திரட்டி ஆய்வாளர்களுக்குத் திறந்து வைத்திருக்கிறார். அவற்றை ஆராய்ந்தவர்கள், பயனர்கள் கேட்கும் நேரம் உண்மையில் ஆகும் நேரத்தைவிட மிகவும் அதிகம் என்பதையும், கேட்கும் நேரங்கள் சில முழு எண்களிலும், மையம் அனுமதிக்கும் உச்ச வரம்பிலுமே குவிந்து கிடக்கின்றன என்பதையும் கண்டார்கள். பணிக்கு எவ்வளவு நேரமாகும் என்று அளந்து பார்க்காமல், கிடைப்பதில் அதிகபட்சத்தைக் கேட்டு வைப்பது மனித இயல்பு என்றே இதைக் கொள்ள வேண்டும். ஆனால் நம்மைப் போலக் குறைந்த எண்ணிக்கையிலான இயந்திரங்களை நிறையப் பேர் பகிர்ந்துகொள்ளும் நாட்டில் அந்த இயல்புக்கு நாம் கொடுக்கும் விலை அதிகம்.

அதிக நேரம் கேட்பவர் பெரும்பாலும் தம்மையே வருத்திக்கொள்கிறார். பணி சீக்கிரம் முடிந்துவிட்டால் ஓடிய நேரத்துக்கே கணக்கு எழுதப்படும். அதிகக் கோர்களையும் அதிக நினைவகத்தையும் கேட்பவரால் ஏற்படும் இழப்பு வேறு வகையானது. ஒரே கோரில் ஓடும்படி எழுதப்பட்ட ஒரு பைத்தான் நிரலுக்கு 48 கோர்கள் கொண்ட நோடு முழுவதையும் வாங்கி நான்கு நாட்கள் ஓடவிட்டால், 4,608 கோர் மணி நேரம் (ஒரு கோர் ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டிருப்பது ஒரு கோர் மணி நேரம்) அந்த ஆய்வுக்குழுவின் கணக்கில் கழியும். உண்மையில் வேலை நடந்தது 96 கோர் மணி நேரத்துக்கு மட்டுமே. மீதி 47 கோர்கள் மின்சாரத்தையும் குளிரூட்டலையும் உண்டுகொண்டு சும்மா இருந்தன. வேறு யாரும் அவற்றைத் தொட முடியவில்லை. ஒரே ஒரு கோரைக் கேட்டுவிட்டு நோடின் நினைவகம் முழுவதையும் கேட்பவராலும் இதே விளைவுதான். நினைவகம் இல்லாத கோர்களை எவருக்கும் தர இயலாது. ஒரே வகைக் கணக்கீடுகள் பலவற்றை ஒரே நேரத்தில் செய்யும் ‘ஜிபியு’ என்ற செயலி இருக்கும் நோடுகள் எங்கும் குறைவு. அவற்றுக்காக வரிசை நீண்டு கிடக்கையில், ஜிபியுவைப் பயன்படுத்தும்படி தொகுக்கப்படாத நிரலை அங்கே ஓடவிட்டால், கணக்கு சரியான விடையையே தரும் என்பதால் மாணவருக்கு ஐயமே எழுவதில்லை. பணி ஓடும்போது ‘என்விடியா எஸ்எம்ஐ’ கட்டளையை ஒரு முறை இட்டுப் பார்த்தால் ஜிபியு சும்மா இருப்பது தெரிந்துவிடும். அப்படி ஒரு கட்டளை இருப்பதே பலருக்குத் தெரியாது.

கண்காணிப்பைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். பணியை ஒப்படைத்தவுடன் ஸ்லர்ம் ஒரு பணி எண்ணைத் தருகிறது. ‘எஸ்க்யூ’ என்ற கட்டளை அந்தப் பணி காத்திருக்கிறதா, ஓடுகிறதா என்பதைச் சொல்லும். பெரும்பாலான மாணவர்கள் இதோடு நின்றுவிடுகிறார்கள். காத்திருக்கும் பணிக்கான வரியின் கடைசியில் காரணமும் எழுதப்பட்டிருக்கும். அதைப் படிக்கக் கற்றுக்கொண்டவருக்கு அது மிகவும் உதவும். ‘ப்ரயாரிட்டி’ என்றிருந்தால் முன்னுரிமை கூடிய பணிகள் முன்னால் நிற்கின்றன என்று பொருள். ‘ரிசோர்சஸ்’ என்றிருந்தால் நோடு விடுபட்டவுடன் முறை வரும், பொறுத்திருக்கலாம். குழுவுக்கு ஒதுக்கிய மணி நேரம் தீர்ந்துவிட்டது என்றோ, சார்ந்திருந்த முந்தைய பணி தோற்றுவிட்டது என்றோ காரணம் காட்டப்பட்டால், எத்தனை நாள் பொறுத்தாலும் தானாக எதுவும் நடக்காது. வழிகாட்டியிடம் போக வேண்டும் அல்லது பணியை ‘எஸ்கேன்சல்’ மூலம் நீக்கிவிட்டுப் புதிதாக அனுப்ப வேண்டும். பராமரிப்புக்காக நோடுகள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்ற காரணம் வந்தால், கேட்ட நேரத்தைக் குறைத்துப் பராமரிப்பு தொடங்குவதற்குள் முடியும்படி அனுப்பினால் பணி உடனே ஓடத் தொடங்கவும் கூடும். இந்தச் சொற்களின் பொருள் தெரியாமல், நடக்கவே நடக்காத பணிக்காக வாரக்கணக்கில் காத்திருந்து ஆய்வறிக்கைக் கெடுவைத் தவறவிட்ட மாணவர்களை நான் அறிவேன்.

‘ஓடுகிறது’ என்ற நிலையும் முழுச் செய்தியைச் சொல்லிவிடுவதில்லை. நோடு பணியின் வசம் இருக்கிறது என்பதையே அது சொல்கிறது; கணக்கு முன்னேறுகிறதா என்பதை வெளியீட்டுக் கோப்பைத் திறந்து பார்த்தால்தான் அறிய முடியும். என் துறையில் பரவலாகப் பயன்படும் ‘குவாண்டம் எஸ்ப்ரெஸோ’ நிரல், ஒவ்வொரு சுற்றிலும் பிழையின் மதிப்பீட்டை ஒரு வரியில் எழுதும். அந்த எண் சுற்றுக்குச் சுற்று குறைந்துகொண்டே வந்தால் கணக்கு குவிகிறது, அதாவது நிலையான விடையை நெருங்குகிறது. முதல் சில சுற்றுகளுக்குப் பிறகும் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால் உள்ளீட்டைத் திருத்தாமல் அது குவிவது அரிது. ‘டெய்ல்’ கட்டளையால் கோப்பின் கடைசி வரிகளைப் பார்த்தாலே, சில நிமிடங்களில் இதை அறிந்து பணியை நிறுத்திவிடலாம். பார்க்காதவரின் பணியோ விடை எதுவும் தராமல் நோடைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. வட்டில் ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டதால் ஒன்றும் எழுத முடியாமல் கிடக்கும் பணியும், உள்ளீட்டுக் கோப்பின் பெயரில் ஓர் எழுத்துப் பிழையால் தொடங்கிய நொடியிலேயே இறந்துபோன பணியும் இதே வகையைச் சேர்ந்தவை. மூன்று நாள் காத்திருந்த பணி ஒரே நொடியில் இறந்திருப்பதை நான்காம் நாள் காண்பது எவ்வளவு வருத்தமானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. முதலில் சிறிய மாதிரியைக் குறைந்த நேரத்துக்கு ஓடவிட்டுச் சோதிப்பது, ‘எஸ்பேட்ச்’ கட்டளையின் சோதனை வசதியைப் பயன்படுத்தித் தேவை வரிகள் ஏற்கப்படுகின்றனவா என்று பார்ப்பது ஆகிய இரண்டையும் பழக்கிவிட்டால் இவற்றில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

கேட்ட நேரம் தீர்ந்த பணிக்கு நேர்வதையும் மாணவர் அறிந்திருக்க வேண்டும். ஸ்லர்ம் முதலில் முடித்துக்கொள்ளும்படி ஒரு குறிப்பை அனுப்பும். வழக்கமான அமைப்பில் 30 நொடிகளுக்குப் பின் வலுவில் நிறுத்திவிடும். இடையிடையே நிலையைச் சேமிக்கும் வசதி பல அறிவியல் நிரல்களில் உண்டு. மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிடும் ‘குரோமேக்ஸ்’ இயல்பாகவே 15 நிமிடத்துக்கு ஒரு முறை நிலையைச் சேமிக்கிறது. எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று முன்கூட்டியே சொன்னால், அதற்குள் தானே சேமித்து நிறுத்திக்கொள்ளவும் செய்யும். இது தெரிந்தவர் நீண்ட கணக்கைச் சிறு துண்டுகளாக்கி, ஒன்று வெற்றிகரமாக முடிந்தபின் அடுத்தது தொடங்கும்படி சார்பு வைத்து அனுப்புவார். துண்டுகள் சிறியவை என்பதால் நான் முன்னர் சொன்ன இடைவெளிகளிலும் அவை நுழையும். நூற்றுக்கணக்கான கோப்புகளுக்கு ஒரே கணக்கைச் செய்ய வேண்டியவருக்கு ‘அரே’ பணி இருக்கிறது. ஒரே கட்டளையில் அனைத்தையும் ஒப்படைத்து, ஒரே நேரத்தில் இத்தனை மட்டும் ஓடட்டும் என்று வரம்பும் வைக்கலாம். இது தெரியாதவர் நூற்றுக்கணக்கான ஸ்கிரிப்டுகளைக் கையால் எழுதுகிறார், அவற்றில் சிலவற்றில் பிழையும் செய்கிறார்.

பணி முடிந்த பிறகு பார்க்க வேண்டியதைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. ‘எஸ்அக்ட்’ என்ற கட்டளை, முடிந்த பணி எவ்வளவு நேரம் ஓடியது, கோர்கள் மொத்தமாக எவ்வளவு வேலை செய்தன, உச்சத்தில் எவ்வளவு நினைவகம் தேவைப்பட்டது என்பவற்றைப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தருகிறது. பல மையங்களில் ‘செஃப்’ என்ற சிறு கருவியும் நிறுவப்பட்டிருக்கிறது. அது இவற்றையே விழுக்காடாகச் சொல்கிறது. 40 கோர்கள் கேட்ட பணியின் திறன் 2.5 விழுக்காடு என்று வந்தால், ஒரே ஒரு கோர்தான் வேலை செய்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். அடுத்த பணிக்கு எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை ஊகிக்கத் தேவையில்லை. முந்தைய பணியின் பதிவைப் பார்த்து, அதற்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கேட்டால் போதும். ஒரு நிமிட வேலை இது. இந்த ஒன்றை மட்டும் ஒவ்வோர் ஆய்வகமும் வழக்கமாக்கிக்கொண்டால் வரிசைகள் குறுகும் என்று உறுதியாக நம்புகிறேன்.

இதில் நீதி சார்ந்த ஒரு கோணமும் உண்டு. ஸ்லர்ம் முன்னுரிமையைக் கணக்கிடும்போது, ‘ஃபேர்ஷேர்’ முறை இயக்கப்பட்ட மையங்களில், அண்மையில் யார் எவ்வளவு பயன்படுத்தினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது; நிறையப் பயன்படுத்திய குழு சில காலம் பின்னால் தள்ளப்படுகிறது. பல மையங்களில் ஒரு துறைக்கோ ஒரு வழிகாட்டியின் குழுவுக்கோ ஒரே ஒதுக்கீட்டுக் கணக்குதான். ஆகவே ஒருவர் வீணாக்கிய கோர் மணி நேரம், அதே ஆய்வகத்தில் அடுத்த மேசையில் அமர்ந்திருக்கும் முதலாண்டு மாணவியின் பணியைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அவர் ஏன் காத்திருக்கிறோம் என்று தெரியாமலே காத்திருக்கிறார். நுழைவுக் கணினியிலேயே கனமான நிரலை ஓடவிடுபவராலும் இப்படித்தான் பிறர் பாதிக்கப்படுகிறார்கள். அந்த நேரத்தில் உள்ளே வந்திருக்கும் அனைவருக்கும் ஓர் எழுத்தைத் தட்டினால் திரையில் தோன்றவே நேரமாகிறது. நொடிக்கு ஒரு முறை தானாக ‘எஸ்க்யூ’ கட்டளையை இடும்படி அமைத்து வைப்பதும் தவறு. ஒவ்வோர் அழைப்பும் மைய ஷெட்யூலருக்குச் செல்கிறது. அழைப்புகள் பெருகினால் அதன் வேலையே தடைப்படும் என்று ஸ்லர்மின் ஆவணங்களே எச்சரிக்கின்றன. பணி தொடங்கும்போதும் முடியும்போதும் மின்னஞ்சல் அனுப்பும் வசதியைப் பல மையங்கள் தருகின்றன. அதைப் பயன்படுத்துவதே முறை.

கட்டளை வரி பழைய காலத்து முறை, உலாவியில் சொடுக்கிப் பணி அனுப்பும் தளங்கள் வந்துவிட்ட பிறகு இதையெல்லாம் ஏன் கற்பிக்க வேண்டும் என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். ஒஹையோ மீத்திறன் கணினி மையம் உருவாக்கிய ‘ஓப்பன் ஆன்டிமாண்ட்’ போன்ற தளங்கள் நல்லவையே. தொடக்கநிலை மாணவருக்கு அவை தயக்கத்தைக் குறைக்கின்றன. ஆனால் அங்கேயும் எத்தனை கோர், எவ்வளவு நினைவகம், எத்தனை மணி நேரம் என்ற கட்டங்களை நிரப்பித்தான் ஆக வேண்டும். உலாவியிலேயே நிரல் எழுதி ஓடவிட உதவும் ‘ஜூபிட்டர்’ அமர்வைத் திறந்து, ஒரு ஜிபியுவைக் கைவசம் வைத்துக்கொண்டு, உணவுக்கும் வகுப்புக்கும் போய்வருபவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் திரும்பி வரும்வரை அது யாருக்கும் பயன்படுவதில்லை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் கேட்டு ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ளலாம் என்போருக்கும் இதுவே என் பதில். அக்கருவி வரிகளைப் பிழையின்றி எழுதித்தரக்கூடும்; அந்த மாணவரின் படிகத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்பதை அவர்தான் சிறிய மாதிரியை ஓடவிட்டு அளந்து சொல்ல வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு முனைவர் பட்ட விதிமுறைகளின்படி, ஆய்வு மாணவர் குறைந்தது 12 மதிப்பீட்டுப் புள்ளிகளுக்கு (கிரெடிட்) பாடப்பயிற்சி முடிக்க வேண்டும். ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் குறித்த பாடம் அதில் கட்டாயம். கணினி வழி ஆய்வு செய்வோருக்கு, மீத்திறன் கணினிப் பயன்பாடு குறித்த செய்முறைப் பாடம் ஒன்றையும் தமிழகப் பல்கலைக்கழகங்கள் அந்தப் புள்ளிகளுக்குள்ளேயே சேர்க்க வேண்டும். கோப்புகளைக் கையாளுதல், ஸ்கிரிப்ட் எழுதுதல், சிறிய மாதிரியில் நேரத்தையும் நினைவகத்தையும் அளத்தல், கோர்களைக் கூட்டும்போது வேகம் எங்கே நின்றுவிடுகிறது என்று கண்டறிதல், காத்திருப்பின் காரணத்தைப் படித்தல், முடிந்த பணியின் பதிவை ஆராய்தல் ஆகியவை அதில் இருந்தால் போதுமானது. தேர்வும் எழுத்துத் தேர்வாக இருக்கக் கூடாது. மாணவர் தம் ஆய்வுக்கான பணி ஒன்றை அனுப்பி, அதன் பதிவைக் காட்டி, கேட்டதற்கும் பயன்பட்டதற்கும் உள்ள வேறுபாட்டைத் தம் சொற்களில் விளக்க வேண்டும்.

இயக்கத்தின் சார்பில் சென்னை, பாலக்காடு, கோவா, கரக்பூர் ஐஐடிகளில் பயிற்சி மையங்கள் இருக்கின்றன என்பதை அறிவேன். பெரிய நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு அவை எட்டும் தொலைவில் உள்ளன. மாவட்டக் கல்லூரி ஒன்றில் பகுதி நேர ஆய்வு மாணவராக இருந்துகொண்டு, பகலில் வகுப்பெடுத்து, இரவில் கணினிக்குள் நுழையும் ஆசிரியருக்கு அவை எட்டுவதில்லை. அவருக்காகத் தமிழில் ஒரு செய்முறைக் கையேடு வர வேண்டும். கட்டளைகள் ஆங்கிலத்திலேயே இருக்கட்டும். எப்போது எதை ஏன் இட வேண்டும் என்ற விளக்கம் தமிழில் இருந்தால், மையத்தின் உதவிப் பிரிவுக்குக் கேள்வி அனுப்பவே தயங்குபவர்கள் தாமே படித்துத் தெளிவார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகம் போன்ற ஓர் அமைப்பு இதை மேற்கொண்டால், கட்டணமின்றி அனைவருக்கும் கிடைக்கச் செய்ய முடியும்.

மையங்களை நடத்துவோரிடமும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மாதமும் பணிகள் சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருந்தன, கேட்ட கோர்களில் எத்தனை விழுக்காடு உண்மையில் வேலை செய்தது, எத்தனை பணிகள் முதல் நிமிடத்திலேயே தோற்றன என்ற மூன்று தகவல்களையும் துறைவாரியாக வெளியிட வேண்டும். இவை ஸ்லர்மின் பதிவேட்டில் ஏற்கெனவே இருப்பவை. தனியாகத் திரட்ட வேண்டியதில்லை. தனிப்பட்ட பயனர் எவரையும் பெயர் சொல்லிக் காட்ட வேண்டாம். ஆய்வு வழிகாட்டிகளுக்கு மட்டும் அவரவர் குழுவின் விவரம் மாதந்தோறும் மின்னஞ்சலில் வந்தால், எங்கே பயிற்சி குறைகிறது என்பதை அவர்களே அறிந்து சரிசெய்வார்கள்.

பயிற்சிப் பாடத்துக்குப் புதிய இயந்திரமோ புதிய கட்டடமோ தேவையில்லை. ஒவ்வொரு மையமும் தன்னிடமுள்ள நோடுகளில் ஒன்றிரண்டை, பல்கலைக்கழகத் தேர்வுகள் நடக்காத மாதங்களில் வாரம் ஒரு பிற்பகல் மட்டும், வெளிக் கல்லூரிகளின் பயிற்சிக் கணக்குகளுக்கு ஒதுக்கித் தந்தால் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கிவிடலாம். அதற்கான பாடக்குறிப்புகளைத் தயாரித்துத் தரவும், அருகிலுள்ள கல்லூரிகளுக்குச் சென்று கற்பிக்கவும் என்னைப் போன்ற ஆசிரியர்கள் பலர் ஆயத்தமாக இருக்கிறோம். உயர்கல்வித் துறையும் மையங்களின் பொறுப்பாளர்களும் இதைப் பரிசீலிக்குமாறு தங்கள் நாளிதழின் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்.